நான்காவது வளைவில் வெறுங்காலுடன்

காலை 6.25. சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதி ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. புத்தூர் வரை நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், உட்காரும் இருக்கைக்கு எழுபத்தைந்து ரூபாய். இந்த ரயிலில் நான் ஏறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. திருப்பதிக்குப் போகலாம் என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம், காரில் காளஹஸ்தி வழியாகச் சுற்றிப் போகலாம் என்பேன். புத்தூரைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள அதுதான் வழி.

என் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பச்சை அட்டை போட்ட அளவுக் குறிப்பேடு. இன்னொன்று, நான் மூன்று முறை திருத்தி எழுதிய இரண்டு பக்கக் கடிதம்.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவருடம், விஜயபுரம் பக்கம் மோட்டார் பந்தயத் தடம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு வந்தது. நகரி, புத்தூர் விவசாயிகள் சிலரும், பைக் பைத்தியம் பிடித்த திருப்பதிக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து ஆரம்பித்த தடம். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அகலம் பத்து மீட்டர், ஒன்பது வளைவு. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. அது எழும்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மார்பு நிமிரும்.

போன வாரம் அதன் மேலாளர் பாஸ்கர் போன் செய்தார். "நீங்க போட்ட தாரு சார், இன்னிக்கு வரைக்கும் ஒரு ஒட்டுகூட இல்ல. ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்குது, வந்து பாருங்க. அடுத்த மாசம் லைசென்ஸ் குடுக்கறவங்க பார்க்க வராங்க. அவங்க ஒத்துக்கலைன்னா இதுவே கடைசி சீசன்."

போனை வைத்துவிட்டு நான் பீரோவைத் திறந்து அந்தப் பச்சை நோட்டைத் தேடினேன்.

காலை 8.45. ஏகாம்பரகுப்பம் தாண்டியதும் ஜன்னலில் நகரி மூக்கு தெரிந்தது. யாரோ மல்லாந்து படுத்திருப்பது போன்ற அந்த மலையில் எதுவும் மாறவில்லை. புத்தூரில் இறங்கி ஸ்டேஷன் வாசலில் இரண்டு இட்லி, ஒரு வடை, வேர்க்கடலைச் சட்னி சாப்பிட்டேன். நாற்பது ரூபாய். விஜயபுரம் பக்கம் போக ஆட்டோக்காரர் முந்நூற்று ஐம்பது கேட்டார், முந்நூறுக்கு இறங்கினார். பதினெட்டு கிலோமீட்டர் வரும்.

"ரேஸுக்கா பெரியவரே? நீங்க ஓட்டப் போறீங்களா?"

"வயசு எழுபத்து மூணு ஆகுது."

"அதனால இன்னா? எங்க நைனாவுக்கு எழுபத்தெட்டு. டிவிஎஸ்ல நகரிக்கும் சந்தைக்கும் பறந்துகினு இருக்காரு. புடிக்க முடியல."

சாலையின் இரு பக்கமும் மாந்தோப்புகள், இடையிடையே மனைப்பிரிவுக் கொடிகள். சில தோப்புகளில் மரத்தைவிடக் கொடிகள் அதிகமாக இருந்தன. தடம் எப்படி நடக்கிறது என்று கேட்டேன்.

"மாசத்துல நாலு நாள் பைக் ஓடுது. மீதி நாள் நெல்லு காயுது. எது நல்லா லாபம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கிண்டலாகச் சொன்னாலும் அது உண்மை. நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். பந்தயம் இல்லாத நாட்களில் தடத்தில் நெல்லும் கடலையும் காயவைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை அள்ளி, பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி ஒப்படைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை என்று பிறகு பாஸ்கர் சொன்னார்.

இப்படிப்பட்ட தடம் ஏன் தள்ளாடுகிறது என்று, போகாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் நடக்கும் நாளில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் உள்ளே நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பைக்கையும் கிளப்பக்கூடாது. தார் பத்து வருடத்தில் கிழடு தட்டிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்ட முடியாது, ஐப்பசி மழையிலும் முடியாது. இதையெல்லாம் தாங்க வேண்டுமானால் தேசிய அளவுப் பந்தயமும், வண்டிக் கம்பெனிகளின் சோதனை ஓட்டமும் வர வேண்டும். அவை வருவதற்கு மேல்தர லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் இந்தத் தடத்துக்குக் கிடைக்கவில்லை, காரணம் நான்காவது வளைவு. அங்கே ஓட்டுநர்கள் விழுகிறார்கள். ஏன் விழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. விழுகிற தடத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனி தவணையை ஏற்றிக்கொண்டே போகிறது.

யாருக்கும் தெரியாது என்று எழுதினேன். எனக்குத் தெரியும்.

காலை 9.40. வாசலில் கருங்கல் பலகை. அமைத்த பொறியாளர் என்று என் பெயர், தமிழிலும் தெலுங்கிலும். பாஸ்கர் இடது காலை லேசாக இழுத்தபடி ஓடி வந்தார். வயது நாற்பது இருக்கும். ஒரு காலத்தில் இந்தத் தடத்தின் வேகமான ஓட்டுநர் அவர்தான். திறந்த இரண்டாம் வருடம் நான்காவது வளைவில் விழுந்து முழங்கால் நொறுங்கியது. ஓட்டுவதை விட்டுவிட்டுத் தடத்தைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ரண்டி சார், ரண்டி, வாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஓட்டுநர்கள் நடுவில் நிறுத்தினார். சென்னை, பெங்களூரு, திருப்பதி என்று இருபத்து இரண்டு பேர். "இவர்தான்பா நம்ம டிராக்கைப் போட்டவரு. தண்ணி எங்கியாவது நிக்குதா பாருங்க. நிக்காது. சார் போட்டது." அவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் குனிந்துகொள்ளத் தோன்றியது.

அப்போது ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண்மணி விசில் ஊதினார். தேசம்மா, பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் பயிர் செய்கிறவர். தடத்தின் வளைவுகளில் நின்று கொடி காட்டுகிறவர்கள் எல்லாரும் சுற்று வட்டார விவசாயப் பெண்கள்தான். அபாயம் என்றால் மஞ்சள் கொடி, பந்தயத்தை நிறுத்த சிவப்பு. அதற்கான பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதித் தேறியவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். தேசம்மாவுக்கு நான்காவது வளைவு.

"பூட்ஸக் கழட்டுங்கப்பா," என்றார் தேசம்மா.

எல்லாரும் கழற்றினார்கள். முழங்கால் வரை கவசம் போட்ட இளைஞர்கள் கீழே வெறுங்காலோடு நின்றார்கள். இந்தத் தடத்தில் பந்தயத்துக்கு முன்னால் நான்காவது வளைவை வெறுங்காலால் தேசம்மா பின்னால் நடந்து வர வேண்டும். வேறு எந்தத் தடத்திலும் இந்த வழக்கம் இல்லை. பெங்களூரு ஓட்டுநர் ஒருவர் தயங்கினார்.

"இன்னாபா, கால்ல மருதாணி காயலியா? நட. சூடு தாங்கலன்னா நீ இன்னாத்துக்கு ரேஸு ஓட்டற?"

அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். நானும் செருப்பைக் கழற்றினேன். பாஸ்கர் மட்டும் வரவில்லை. "இது தேசம்மாவோட பூஜை சார். அந்த வளைவுல குறை ஒண்ணும் இல்லன்னு நீங்களே அளந்து எழுதி இருக்கீங்களே," என்றார்.

தேசம்மா வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குக் குறுக்காக நடந்தார். பாதி வழியில் நின்று, "இங்க பாதம் இன்னா சொல்லுது?" என்றார். என் பாதம் சொன்னது. அதுவரை ஏற்றம், அதன் பிறகு இறக்கம்.

சாதாரணச் சாலையில் நடுப்பகுதி மேடாக இருக்கும். மழைத் தண்ணீர் இரண்டு ஓரத்துக்கும் ஓட வேண்டும் என்பதற்காக. பத்து மீட்டர் அகலச் சாலை என்றால் நடு, ஓரத்தைவிடப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரம். சாலையில் வண்டி தன் பாதியிலேயே போகும், மேட்டைத் தாண்டாது. பந்தயத்தில் ஓட்டுநர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு முழு அகலத்தையும் வெட்டிப் போவார். அதனால் பந்தயத் தடத்தின் வளைவு முழுவதும் உட்பக்கமாக ஒரே சாய்வாக இருக்க வேண்டும். மற்ற எட்டு வளைவையும் அப்படித்தான் போட்டேன். நான்காவது நீண்ட, மெல்லிய வளைவு. சாலை விதிப்படி அந்த அளவு வளைவுக்கு நடுமேடு போதும். முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில் கை தானாக அப்படியே வரைந்துவிட்டது. பைக் மேட்டைத் தாண்டும்போது அதன் எடை ஒரு நொடி குறைகிறது. அடுத்த நொடி சக்கரம் வெளிப்பக்கம் சரிகிற தரையில் இருக்கிறது.

காலை 11.10. முதல் பந்தயத்தின் ஐந்தாவது சுற்று. தேசம்மாவுக்குப் பின்னால், தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். தயங்கிய அதே பெங்களூரு ஓட்டுநர் வளைவை விட்டு வெளியேறும்போது பின்சக்கரம் விலகியது. பைக் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் சறுக்கிக்கொண்டு போனார். அவர் சறுக்கி நிற்பதற்கு முன்பே தேசம்மாவின் மஞ்சள் கொடி மேலே இருந்தது. அவர் எழுந்து நின்றார். கை முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

பாஸ்கர் வந்து அவர் தோளில் கை போட்டார். "உன் தப்புதான்பா. ஆக்சிலேட்டரை முன்னாடியே முறுக்கிட்ட. நானும் இதே இடத்துல இதே தப்பைப் பண்ணினவன்தான். என் காலைப் பார்த்துக்கோ."

அதைக் கேட்ட பிறகு என்னால் சாயங்காலம் வரை காத்திருக்க முடியவில்லை.

பகல் 12.15. தகரக் கூரை போட்ட அலுவலகத்தில் பாஸ்கரும் தேசம்மாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். களி, கீரை, வேர்க்கடலைச் சட்னி. எனக்கும் வைத்தார்கள். நான் பச்சை நோட்டைத் திறந்து, தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தோடு சேர்த்துப் பாஸ்கர் முன்னால் வைத்தேன்.

"பாஸ்கர், அந்த வளைவை நான் தப்பாப் போட்டேன். நீங்க விழுந்தது உங்க தப்பு இல்ல."

அவர் எண்களைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாக வந்தார். பிறகு கேட்டார், "இது எப்ப அளந்தது சார்?"

"உங்களுக்கு ஆபரேஷன் ஆன வாரம். கமிட்டி அளக்கச் சொன்னாங்க. அளந்த உடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா சாலை விதிக்குச் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். விழுந்ததுக்குக் காரணம் ஓட்டினவரோட வேகம்னும் எழுதினேன்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே சார். சாத்துக்குடி வாங்கிகினு."

"அளந்துட்டுத்தான் வந்தேன்."

"கொஞ்சம் அவசரப்பட்டுட்ட தம்பின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவர் நோட்டை மூடித் தள்ளி வைத்தார். நான் மறைத்ததற்குக் காரணம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசல் கல்லில் என் பெயர் இருந்தது.

தேசம்மா களியைக் கிள்ளிச் சட்னியில் தொட்டார். "எனக்குத் தெரியும் சார். நெல்லு காயப் போடும்போதே தெரியும். மழை வந்தா எல்லா வளைவுலயும் தண்ணி உள்பக்கம் ஓடும், நாலாவதுல மட்டும் ரெண்டு பக்கமும் ஓடும். கமிட்டில சொன்னேன். இன்ஜினியர் எழுதிக் குடுத்துட்டாரு, நீ இன்னா கண்டன்னாங்க. சரி, பேப்பர் அவங்ககிட்ட இருக்கட்டும், ஓட்டறவன் காலுக்குச் சொல்லிடலாம்னு நடக்க வெச்சேன்." வாயில் போட்டு மென்றுவிட்டு என்னைப் பார்த்தார். "துன்னு சார். ஆறிப் போவுது."

பன்னிரண்டு வருடமாக அந்த வளைவில் ஓர் உயிர்கூடப் போகாததற்குக் காரணம் அந்தப் பெண்மணி. அளவு நாடா இல்லாமல், மட்டக் கருவி இல்லாமல், என் பிழையைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு பாதுகாப்பும் செய்து வைத்திருந்தார். என் தொழிலில் நான் பார்த்த மிகச் சிறந்த வேலைகளில் அது ஒன்று. அவரிடம் அப்படியே சொன்னேன். "பின்ன?" என்றார்.

பாஸ்கர் எழுந்து வெளியே போனார். ஷூவைக் கழற்றினார். காலை இழுத்தபடி வெயிலில் நான்காவது வளைவு வரை நடந்து, வெளி ஓரத்திலிருந்து குறுக்காகப் போனார். பாதி வழியில் நின்றார். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி வைத்துப் பார்த்தார். அந்த மேட்டின் மேல் வெகுநேரம் நின்றார். நாங்கள் பக்கத்தில் போகவில்லை.

பகல் 2.30. திரும்பி வந்தவர் குரல் எப்போதும் போல இருந்தது, என்னை நேராகப் பார்க்கவில்லை. "எத்தனை மீட்டர் சுரண்டிப் போடணும்?"

"நூற்று நாற்பது மீட்டர். வரைபடம் கடிதத்தோட வெச்சிருக்கேன். அடித்தளத்தைத் தொட வேண்டாம். நாலஞ்சு நாள் வேலை."

"லைசென்ஸ்காரங்க வரும்போது நீங்களே அவங்க முன்னாடி இந்த லெட்டரைப் படிக்கணும். எல்லாரும் இருப்பாங்க. கமிட்டி, ஓட்டறவங்க, காப்பீட்டுக்காரங்க."

"வரேன்."

"காரணம் தெரியாமதான் சார் லைசென்ஸ் தரலை. காரணம் தெரிஞ்சா சரி பண்ண நேரம் குடுப்பாங்க. குடுப்பாங்கன்னு நினைக்கிறேன்."

வாசல் கல்லிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். தேசம்மாதான் சொன்னார்: "இருக்கட்டும் சார். மத்த எட்டை யாரு போட்டது?"

மாலை 4.00. ஆட்டோ வந்தது. கடைசிப் பந்தயம் முடிந்து ஓட்டுநர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தடத்தின் நேர்பகுதியில் அதற்குள் நான்கைந்து பெண்கள் நெல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு இடம் பிடிக்கிறார்களாம். இந்தத் தடம் மூடினால் நஷ்டம் பைக்குகளுக்கு மட்டும் இல்லை என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். ஊரே காயவைத்து, பெருக்கி, கழுவி, கொடி பிடித்துக் காப்பாற்றி வைத்திருக்கும் இரண்டு கிலோமீட்டர் அது. அதில் நூற்று நாற்பது மீட்டரைத்தான் நான் கெடுத்திருக்கிறேன் என்று சொல்லிச் சமாதானம் அடைய முடியாது. அந்த நூற்று நாற்பது மீட்டரில்தான் எல்லாம் நின்றுபோயிருந்தது.

புத்தூர் போகும் சாலையில் ஆட்டோ நடு மேட்டைத் தாண்டாமல் தன் பாதியில் ஓடியது. எங்கள் வீட்டுத் தெருவும் இப்படித்தான், நடுவில் மேடு. நான் போட்ட சாலைகள் எல்லாமே இப்படித்தான். அவை சரியான சாலைகள். அவற்றைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது. ஸ்டேஷனில் அடுத்த மாதத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன்.

ஆட்டோ வாசலைத் தாண்டுவதற்கு முன் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெங்களூரு ஓட்டுநர் தன் பைக்கை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பாஸ்கர், இன்னும் வெறுங்காலோடு, அவரிடம் போனார்.

"காலையில நான் சொன்னதை எடுத்துக்காத. அது உன் தப்பு இல்ல."

சொல்லும்போது அவர் கை தன் இடது முழங்காலின் மேல் இருந்தது.