குலவை இடாத வெள்ளிக்கிழமை

இந்த ஊரில் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு தரம், பஸ் ஏறும்போது ஒரு தரம், இறங்கியதும் ஒரு தரம். பச்சை நிறத்தில் மின்னுகிற சட்டையை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாட்டிவிட்டு, டீச்சரம்மா தலைதலையாய் விரல் நீட்டிச் சத்தமாகவே எண்ணுவார். இருபத்தேழு. எங்கள் வாலிநோக்கத்தில் பிள்ளைகளை யாரும் எண்ணமாட்டோம். எத்தனை பிள்ளை என்று கேட்டால் ‘கெடக்கு ரெண்டு மூணு’ என்று மழுப்பிவிடுவோம். எண்ணினால் குறைந்துபோகும் என்று ஒரு பயம். சமீபத்தில் ஒருநாள் பிள்ளைகளை நாடகம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். துணைக்குப் பெரியவர்கள் நான்கு பேர் வேண்டும் என்று சீட்டு வந்திருந்தது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. “நீ போயிட்டு வாம்மா, பிள்ளைக கையப் புடிச்சுக்கிட்டாப் போதும்” என்றாள். என்னிடம் ஆறு பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். அதில் ஒன்று என் பேத்தி. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த எண்ணிக்கை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இங்கிலாந்துக்கு வந்து நாலு வருசமாகிறது. இந்தக் கட்டுரையை நானே எழுதுகிறேன், எழுத்துப்பிழையை மட்டும் மகள் திருத்துகிறாள். வேறு எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பாட்டு, கூத்து, ஆட்டம் எல்லாமே பாடத்தில் சேர்த்தி. படத்தில் காட்டினால் போதாது, ஆள் நேரில் வந்து செய்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாடகத்துக்கு ஒரு மாதம் முன்னால், நான் ஊரில் பாடியவள் என்பதை என் மகள் டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தம்மா வீட்டுக்கே வந்து, வகுப்பில் வந்து பாடுவீர்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் என் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். கூச்சப்பட வேண்டாம் என்கிறார் என்றாள் மகள். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. நூறு பேர் நிற்கிற சாவு வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் குரல் எடுத்தவள் நான். எனக்கா கூச்சம்? ஆனால் காரணத்தை நான் சொல்லவில்லை. மகளுக்கும் இதுவரை சொன்னதில்லை.

இதே மாதிரி எங்கள் ஊரிலும் ஒரு டீச்சர் வந்திருந்தார். சத்துணவு ஆரம்பித்த புதிது. மதுரைப் பக்கத்துப் பெண், பேர் சுகந்தி. வெள்ளிக்கிழமை தோறும், சாப்பாட்டு மணிக்கு முன்னால், யாராவது ஒருவரைக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொல்வார். சாயல்குடியிலிருந்து மேளக்காரர் வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து பொம்மலாட்டக்காரர் வந்தார். மூன்றாவதாக, நான் வேலை பார்த்த உப்பளத்துக்கே நடந்து வந்து என்னைக் கேட்டார். நானும் சரியென்றேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கேலி பேசினார்கள். “என்ன பஞ்சவர்ணம், வாத்தியார் வேலைக்கா?” என்றாள் ஒருத்தி. “பள்ளிக்கூடத்துல யாரு செத்தா?” என்று கேட்டவள் காளியம்மாள். எனக்கு அடுத்த பாத்தியில் வேலை பார்த்தவள், என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை. எல்லோரும் சிரித்தோம். அவள் மகள் முனீஸ்வரி நாலாம் வகுப்பில் இருந்தாள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடக் கூடாது. ஆனால் உப்பளத்தில் அலுப்புத் தெரியாமல் இருக்க நாங்கள் ஒப்பாரியும் பாடுவோம். பாடி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து குலவை இட்ட பிறகுதான் உப்பு வாரும் பலகையைத் தொடுவோம். பாடியது வெறும் பாட்டு, இங்கே சாவு இல்லை என்று அப்படித்தான் முடித்துவைப்பது. சின்னப் பெண்கள்கூட மறக்காமல் செய்கிற காரியம் அது.

மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சும்மா பாடுங்கக்கா, பிள்ளைகள் கேட்கட்டும் என்றார் டீச்சர். நான் தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை. “சும்மா வராது டீச்சர். முன்னால ஒரு ஆளு கெடக்கணும்” என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் முனீஸ்வரி எழுந்துவிட்டாள். “நான் கெடக்கேன் அத்தை” என்று சொல்லிக்கொண்டே நடுவில் வந்து மல்லாந்து படுத்தாள். கையிரண்டையும் நெஞ்சில் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். நான் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கிடத்திப் பாடுவது யாரும் செய்யாத காரியம். முடிந்ததும் குலவையிட்டு எழுப்பிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். அதைவிட உண்மை வேறு. என் குரல் என்ன செய்யும் என்பதை அந்த மதுரைப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

வெள்ளாட்டுப் பால்கொதிக்க
வெறகெடுக்கப் போனவளே
பால்பொங்கி வழியுதடி – முனீசு
பாதையில ஒன்னக் காணலியே

பேரைச் சொல்லித்தான் பாடினேன். பேர் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது. சிரித்த பிள்ளைகள் மெல்ல மெல்ல அடங்கின. டீச்சர் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தியதும் அவர் முதலில் கை தட்ட, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து தட்டின. அதுவரை என் ஆயுளில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. சாவு வீட்டில் நன்றாகப் பாடினால் சனம் மூக்கைச் சிந்தும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் தட்டமாட்டார்களா என்று இருந்தது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடின. முனீஸ்வரியும் எழுந்து பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடினாள். பாதி தூரம் போனவள் திரும்பி நின்று, “அத்தை, நான் அசையவே இல்ல, பாத்தீகளா?” என்றாள். பார்த்தேன் என்று கை காட்டினேன். குலவை நினைவுக்கு வந்தபோது நான் உப்பளத்துக்குப் பாதி வழி வந்திருந்தேன். திரும்பிப் போயிருக்கலாம். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்த வருசம் கார்த்திகை மழையில் முனீஸ்வரிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்களாம். மறுநாள் சாயங்காலம் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் ஓடினேன். பழக்கத்தில் தலைமாட்டில் போய் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்தேன். காளியம்மாள் அழவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நீ எதுக்கு மதினி வாயெடுக்குற? எம்புள்ளைக்குத்தான் அன்னைக்கே பாடி முடிச்சிட்டியே” என்றாள். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. எழுந்து வந்துவிட்டேன். முனீஸ்வரி கிடந்த விதம் மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது. மரத்தடியில் கிடந்த மாதிரியே, கையிரண்டும் நெஞ்சில்.

பிறகு ஊர் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. பாடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் பிணமாகக் கிடக்கச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி அதோடு நின்றது. சுகந்தி டீச்சருக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் வீட்டுக்கு வந்து, உங்கள் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று அழுதார். அப்போதும் நான் குலவையைப் பற்றிப் பேசவில்லை. நான் பாடியதற்காக ஊர் என்னைத் தள்ளிவைத்தது. முடித்துவைக்காமல் வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கொசுவால் வருகிற காய்ச்சலுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று, இதைப் படிக்கும்போது என் மகள் கேட்பாள். அவள் நர்ஸ், அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் ஒரு வாய் பாடவில்லை. என் வீட்டுக்காரர் போனபோதுகூட எங்கள் வீட்டில் சத்தம் எழவில்லை. தலைமாட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

நாடகக் கொட்டகைக்கு வருகிறேன். விளக்கை அணைத்தார்கள். பேசக் கூடாது, தின்னக் கூடாது. கதை கடல்புரத்துக் கதை என்பதால் பாஷை தெரியாத எனக்கும் புரிந்தது. பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி புயலில் அப்பனைத் தேடிப் போய்ச் செத்துப்போகிறாள். கரையில் கிடத்துகிறார்கள். கையிரண்டையும் எடுத்து நெஞ்சில் வைக்கிறார்கள். சுற்றி நிற்கிற யாரும் வாய்விட்டு அழவில்லை. நான் என் பக்கத்திலிருந்த பிள்ளையின் கையை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அது கையை உருவிக்கொண்டது. அந்தப் பெண் அசையவே இல்லை. பிறகு விளக்கு எரிந்தது. கிடந்தவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே முன்னால் வந்து குனிந்து கும்பிடு போட்டாள். கொட்டகையே கை தட்டியது.

நான் கை தட்டவில்லை. எழுந்து நின்றேன். நாக்கு தானாகச் சுழன்றது. இத்தனை வருசம் தொண்டைக்குள் கிடந்த குலவை அந்தக் கொட்டகைக்குள் எழும்பிப் போயிற்று. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மேடையில் நின்ற சிறுமி என்னைப் பார்த்து மறுபடியும் குனிந்தாள். டீச்சரம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, “ஓகே? ஓகே?” என்று கேட்டார். ஓகே என்றேன். அதற்குள் எங்களோடு வந்த பிள்ளைகள் எல்லாம் நாக்கை நீட்டி என்னைப் போலவே குலவையிடத் தொடங்கிவிட்டார்கள். நான் ரசித்துச் செய்தேன் என்று மறுநாள் மகளிடம் டீச்சரம்மா மெச்சிக்கொண்டாராம்.

காளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நான் எதைச் செய்யாமல் வந்தேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

நாடகம் முடிந்து பஸ் ஏறியதும் டீச்சரம்மா மறுபடியும் விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்தேழும் சரியாக இருந்தது. டிரைவர் வண்டியை எடுத்தார். நான் மட்டும் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இன்னும் ஒரு பிள்ளை ஏற வேண்டியிருக்கிற மாதிரி.