சுண்ணாம்பு போட்ட தோட்டமும் கசந்த கிணறும்

ஸெய்னுதீன் என்ற பெயரை ஸல்ஹா முதன்முதலில் கேட்டது மாமியின் வாயால்தான். "மூதூர்ப் பொடியன், என்ர மச்சானுக்குச் சொந்தம். சும்மா இருக்கமாட்டான்," என்றாள் மாமி. அந்த வருசமே அவர் கிண்ணியாவுக்கு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஸல்ஹாவின் பங்கில் செம்மண் தோட்டம் ஒன்று மேட்டில் இருந்தது. தோட்டத்தின் கீழே கிணறு. கிணற்றின் ஒரு பக்கம் அவள் வீடு, மறுபக்கம் தங்கை றம்ஸியாவின் வீடு; இரண்டு வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

ஸெய்னுதீன் கச்சான் என்ற நிலக்கடலையும் கொச்சி மிளகாயும் போட்டார். வருசா வருசம் உரமாக அமோனியம் சல்பேட்டுப் பசளையைக் கொட்டினார். கிணற்றுத் தண்ணீர் இனித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு கச்சான் பருப்பில்லாமல் பொக்காகப் போகத் தொடங்கியது. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடுங்கள் என்றார்கள் விவசாயக் கந்தோர் அதிகாரிகள். அந்த முறை பசளையை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்பை மட்டும் தோட்டமெங்கும் எறிந்தார்.

மாரி முடிந்ததும் தண்ணீர் கசந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனது. றம்ஸியா வாளியை முற்றத்தில் கவிழ்த்தாள்.

"மச்சான், கிணத்துக்குள்ள என்னத்தப் போட்டீங்க?"

"இந்த முறை நான் பசளையே போடல்ல."

"போட்ட வருசமெல்லாம் இனிச்சிச்சு, போடாத வருசம் கசக்குதா? ஆருக்குக் கதை விடுறீங்க?"

அவள் கணவன் ஹிஸ்புல்லா சிரித்தான். "சகலனுக்கு மூதூர்த் தண்ணி மறக்கல்ல போல. அங்கயே போய்க் குடிக்கலாமே."

இன்னொரு சொல் வந்தால் மாப்பிள்ளை வளவை விட்டு இறங்க வேண்டியதுதான். ஸெய்னுதீனுக்கு அது தெரியும். கிணறு கெட்டால் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைப்பது அங்கே வழக்கம். கிணற்றில் போட்டு, மிச்சத்தை மேலே இருந்த பாத்திகளிலும் எறிந்தார். அடுத்த மழையோடு தண்ணீர் இன்னும் கசந்தது. ஸல்ஹாவே அவரை ஒருமாதிரிப் பார்த்தாள். பார்த்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

விவசாயக் கந்தோர் அதிகாரி காசிநாதர் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணன் என்ற பொருளில் ஸெய்னுதீனைக் காக்கா என்று அழைத்துச் சொன்னார்.

"புளிச்ச செம்மண் சல்பேட்டை லேசில விடாது, காக்கா. உங்கட பசளையில இருந்ததை வருசக்கணக்காப் பிடிச்சு வைச்சிருந்தது. நீங்கள் சுண்ணாம்பால புளிப்பை முறிச்சீங்கள், பிடி விட்டிட்டுது. மழை அதைக் கிணத்துக்குக் கொண்டுவந்திட்டுது. கசப்பும் வயித்தால போறதும் அதாலதான்."

"அப்ப நான் செய்தது பிழையா?"

"இல்லை, சரிதான்."

"அப்ப ஏன் கசக்குது?"

"சரியாச் செய்தபடியால்தான்."

ஸெய்னுதீன் மண்ணையும் பார்த்தார், காசிநாதரையும் பார்த்தார். மண்ணுக்குள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஸல்ஹா கேட்டாள். தனக்கும் தெரியாது என்றார் காசிநாதர்.

"பிடிக்கவும் விடவும் மண்ணுக்குக் கையா இருக்கு?" என்றாள் அதைக் கேள்விப்பட்ட றம்ஸியா. அந்த முறை கச்சான் மணி மணியாக விளைந்தது. அவித்துக் கொடுத்ததை அவள் வீட்டிலும் தின்றார்கள். ஆனால் பழைய கதைதான்: "மச்சான் என்னவோ போட்டுட்டார்."

ஸல்ஹாவுக்கும் அந்தக் கணக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் தங்கையிடம் சொன்னாள்: "அவர் போனா நானும் போவன். கிணத்த நீயே வச்சிக்கொள்."

ஸெய்னுதீன் இப்போது தோட்டத்துக்கும் மேலே கட்டிய வீட்டில் ஸல்ஹாவோடு இருக்கிறார். தோட்டத்து மழைத்தண்ணீர் இறங்கிவராத அங்கே வெட்டிய கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள்.