மாமாவின் இடுப்பில் வாப்பாவின் ரிவோல்வர்

மண்ணெண்ணெய் வாசம், எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கில் மூன்று நாள் கிடக்கும் என்பதை நான் பெருநாள் காலையில் வாப்பா என் வாயில் வைத்த மஸ்கட் இனிப்புத் துண்டிலிருந்து அறிந்துகொண்டேன். மருதமுனையில் சைக்கிள் திருத்துகிறவரின் கையில் எண்ணெய் இருப்பது ஒரு புதினமில்லைதான். ஆனால் சைக்கிளுக்கு அவ்வளவு மண்ணெண்ணெய் தேவைப்படாது. வாப்பா அதில் ஒரு ரிவோல்வரை ஊறப் போட்டிருந்தார்.

வரிப்பத்தான்சேனையில் ஒரு போடியார் மௌத்தாகி, வயல்களைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டு, பங்குபோட ஏலாத சாமான்களை விற்றார்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போன வாப்பா அதை விட்டுவிட்டு இதை வாங்கி வந்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். போடியாரிடம் லைசன் இருந்ததாம். அவரோடு அதுவும் மௌத்து. உருளை இறுகிக் கிடந்தது, பிடியில் ஒரு பக்கம் இல்லை, குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. "சுத்துற சாமான் எதையும் திரும்பச் சுத்த வெக்கலாம்" என்பது வாப்பாவின் கொள்கை. சைக்கிளின் பின்சில்லில் மெய்யான அந்தக் கொள்கை வேறெங்கும் மெய்யானதாக எனக்கு நினைவில்லை.

யுத்தத்துக்குப் பயந்து பொழுது சாய முன் கதவடைக்கிற வருடங்கள் அவை. ஊரைக் காக்க அரசாங்கத்தில் ஆம்பிளைகளுக்குத் துவக்குக் கொடுத்தார்கள். வாப்பாவும் பெயர் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உம்மாவின் தம்பி, என் மாமா, எடுபட்டார். தினமும் பின்னேரம் எங்கள் வாசலில் துவக்கைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, "நீங்க பயப்படாதீங்க மச்சான், நான் இரிக்கன்தானே" என்பார். வாப்பா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார். அந்த ஒரு வசனத்தைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவர் ரிவோல்வர் வாங்கினார் என்று இப்போது விளங்குகிறது.

வாங்கியாயிற்று, வைப்பதற்கு இடமில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மாப்பிள்ளை என்பவர் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிற ஆள். உம்மா பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை.

"இது எனக்கு என்ட வாப்பா கட்டித் தந்த ஊடு. இதுக்குள்ள அந்தச் சாமான் வேணா."

வாப்பா தான் பிறந்த வீட்டுக்கு அதைக் கொண்டு போனார். அது மாமியின், அதாவது அவருடைய தங்கையின், சீதனமாகிப் பல வருடம். மாமியின் மாப்பிள்ளை துணியை விரித்துப் பார்த்து, நாக்கைத் தட்டி, "எனக்கெண்டா ஒரு பிரச்சினையும் இல்ல மச்சான். ஊட்டுக்காரிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றார். ஊட்டுக்காரி குசினிக்குள் இருந்தபடியே தன் அண்ணனிடம், "காக்கா, சாப்பிட்டுப் போங்க. அத மட்டும் கொண்டு போயிருங்க" என்றார். கடையோ வாடகை, அதன் முகப்பு நேராக இராணுவக் காவலரணைப் பார்த்திருந்தது. இப்படியாக, வீட்டைக் காக்க ஆயுதம் வாங்கிய ஒரு மனிதர், அதை வைக்க ஒரு வீடில்லாமல் சைக்கிள் திருத்தும் சாவிப் பைக்குள் போட்டு ஊரெல்லாம் சுமந்து திரிந்தார்.

கடைசியில் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட தோணிகளுக்குப் பின்னால் இடம் பிடித்தார். அஸர் தொழுதுவிட்டு அங்கே போவார். பழைய பல் பிரஷ், செங்கல் தூள், தேங்காயெண்ணெய், பொறுமை. உடைந்த பிடிக்கு, தறியில் ஓடி ஓய்ந்த நாடாவின் மரத்தைச் செதுக்கிப் பொருத்தினார். மூன்று மாதம் கழிந்த ஒரு பின்னேரம் உருளை அசைந்தது. என்னிடம் தந்து சுற்றச் சொன்னார். டிக், டிக் என்று ஒவ்வொரு அறையும் வந்து நின்றது. வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இருக்கவில்லை. தோட்டா கிடைக்கவில்லை, கிடைக்கப் போவதுமில்லை. அந்த அளவில் தோட்டா செய்வதையே எவனோ எப்போதோ நிறுத்திவிட்டானாம். கரையோரத்திலேயே மிக அழகானதும் மிகப் பயனற்றதுமான ஆயுதம் எங்களிடம் இருந்தது.

அடுத்த நாள் மாமா தேத்தண்ணிக்கு வந்தபோது வாப்பா துணியை விரித்தார். மாமா எழும்பியே விட்டார். திருப்பிப் பார்த்தார், குறி பார்த்தார், இடுப்பில் செருகிப் பார்த்தார். பிறகு அதை எடுக்கவில்லை.

"இது ஒங்களுக்கு என்னத்துக்கு மச்சான்? ஆபத்து. என்னட்ட இரிக்கட்டும்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

"அவன் கொண்டு போகட்டும். அவன்ட கையில கண்டா ஆரும் கேக்க மாட்டாங்க, ஒங்கட கையில கண்டா புடிச்சிட்டுப் போவாங்க" என்றார் உம்மா.

"ஓம்" என்றார் வாப்பா.

மாமா அதைக் கலியாண வீடுகளுக்குக் கட்டிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தேன், வாயால். 'எங்கட மாமாட ரிவோல்வர்' என்றேன். ஆர் திருத்தின என்று கேட்டார்கள். சைக்கிள் திருத்துகிறவரின் பெயரைச் சொன்னால் கதையின் மதிப்புக் குறையும் என்று கணக்குப் பார்த்து, 'மாமாதான்' என்றேன். ஒரு நாள் அதிபரின் சைக்கிளுக்குக் காற்றடிக்க வாப்பா பள்ளிக்கூடம் வந்தபோது என் கூட்டாளி ஒருவன், "ஒங்கட மச்சானா அதத் திருத்தின?" என்று கேட்டுவிட்டான். வாப்பா என்னைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன்.

"ஓம், அவருதான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது. சந்தர்ப்பம் வந்தது, ஜீப்பில்.

ஏதோ ஒரு கலியாண வீட்டில் மாமாவின் இடுப்பைக் கவனித்த இராணுவ அதிகாரி ஒருவர், ஒரு காலை நேரம் அவரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்திறங்கினார். மாமாவின் முகம் சாம்பலாக இருந்தது.

"என்ட இல்ல சேர். இவருட. என்ட மச்சான்ட" என்றார்.

உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். "அது துருப்புடிச்ச விளையாட்டுச் சாமான் சேர். இவருக்கு இதெல்லாம் தெரியா. சைக்கிளுக்கு ஒட்டுப் போடுற மனிசன்."

அதிகாரி உருளையைச் சுற்றினார். டிக், டிக். பிடியைப் பெருவிரலால் தடவினார். முகத்தில் கோபம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. உடைந்த தமிழில் கேட்டார்:

"இது யார் செய்தது?"

யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். பள்ளிக்கூடத்துப் பொய்க்கெல்லாம் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கும்படி, "எங்கட வாப்பாதான் சேர்!" என்றேன்.

வாப்பா என் தலையைத் தடவிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூன்று கிழமைக்குப் பிறகு வந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. எப்படி நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் சிரித்தார்.

"அங்க ஒரு பெரிய சேர் அதப் பாத்தாரு. நல்ல வேல எண்டாரு."

"இதுக்கா சிரிக்கீங்க?" என்று உம்மா அழுதார்.

அவர் வேலையை நல்ல வேலை என்று சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் அந்தப் பெரிய சேர்தான்.

காவலரண் நின்ற இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். தோணிகள் கிடந்த கரையைக் கடல் ஒரு காலையில் கொண்டு போயிற்று. வாப்பாவின் கடையில் கைபேசிக்கு உறை போடுகிறார்கள். வாப்பா போன வருடம் மௌத்தானார். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நரைத்த தாடியை நீவிக்கொண்டு மாமா கதை சொன்னார். "ஒரு காலத்துல நான் ஒரு ரிவோல்வர் திருத்தி வெச்சிருந்தன். மச்சான்தான் பாவம், அதுல மாட்டுப்பட்டுப் போனாரு." எல்லோரும் வாப்பாவுக்காக உச்சுக் கொட்டினார்கள்.

என்னைக் கேட்க அங்கே ஜீப் இல்லை, அதிகாரி இல்லை. வாப்பாவைக் கொண்டு போகவும் எவனாலும் இனி ஏலாது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நாலு புத்தகம் எழுதியவன், மேடையில் சனத்தைச் சிரிக்க வைக்கிறவன். மாமாவின் சஹன் தட்டில் இறைச்சி குறைந்திருந்தது. அள்ளி வைத்தேன்.