இசக்கியம்மாளும் என் மூன்று நாள் பயிற்சியும்

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் வேலையில் பாதி, ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போய் வருவது. மீதி, போன இடைவெளியில் பள்ளியில் நடந்ததைச் சரிக்கட்டுவது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற வழியில் எங்கள் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர், நானும் ஜெயராணி டீச்சரும்.

கம்பில்லாத வாரம்

தென்காசியில் நடந்த பயிற்சியில், "அடிக்கும் முன்னால் ஏன் செய்தாய் என்று கேளுங்கள்" என்றார்கள். இருபது வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால் உள்ளங்கையில் ஒன்று. அதற்கும் அடங்காவிட்டால், "நாளைக்கு அம்மையைக் கூட்டிட்டு வா." அவ்வளவுதான் என் முறை.

ஊர் திரும்பியதும் கம்பைச் சத்துணவு அக்காவிடம் கொடுத்து அடுப்பில் வைக்கச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் பள்ளிக்கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. மகனை விட வந்த ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "நீங்க அடிப்பியன்னுதான டீச்சர், வீட்டுல நான் கை வைக்காம இருந்தேன். இனி அதையும் நான்தான் செய்யணுமா?"

கடித்தவள்

மூன்றாம் வகுப்பு இசக்கியம்மாள் கடிப்பாள். வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் கையில் பல் தடத்தோடு அழுதுகொண்டு வரும். அவளுடைய அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பது தெரியும். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள், திரும்பி வரவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவைக் கூட்டி வா என்றபோதெல்லாம் அப்பாதான் வந்து தலைகுனிந்து நின்றார். ஏன் என்று அவரிடமும் நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் கடிக்கிறாய் என்று கேட்டேன். மூன்று நாள் விடாமல் கேட்டேன். நான்காம் நாள் நிமிர்ந்து பார்த்து அவளே என்னைக் கேட்டாள்: "எத்தன பேரக் கடிச்சா டீச்சர் எங்க அம்மைய வரச் சொல்லுவிய?"

வெள்ளிக்கிழமை போன்

அவள் அம்மாவின் போன் நம்பரை அப்பா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் ஐந்து நிமிஷம் அம்மாவும் மகளும் பேசினார்கள். கடிப்பது நின்றது. யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினாள்.

முதல் நாள் அவள் பேசி முடித்துப் போனைக் கொடுத்தபோது, அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள்: "அவ பேச்சு மாறிப் போச்சே டீச்சர், பல்லு விழுந்திருக்கா?"

மூன்று நாள்

அடுத்த பயிற்சி வந்தது. இசக்கியம்மாள் விஷயத்தை மற்ற தலைமை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். சொன்னேன். கைதட்டினார்கள். அந்த மூன்று நாளில் ஒன்று வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு உறைக்கவில்லை. என் போன் பைக்குள் அணைந்து கிடந்தது.

மதியம் முழுக்க அவள் என் அறை வாசலில் நின்றிருக்கிறாள். வகுப்புக்குப் போ என்று இழுத்த ஜெயராணி டீச்சரைக் கடித்துவிட்டாள். அவர் ஸ்கேலால் அடித்துவிட்டார். திங்கட்கிழமை அவளுடைய அப்பா மட்டும் வந்தார். அவளைக் கோவில்பட்டியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டாராம். சண்டை எதுவும் போடவில்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜெயராணி டீச்சரிடம் கத்தினேன். அவர் கட்டுப்போட்ட கையோடு அழுதார்: "அஞ்சு வகுப்பையும் ஒத்தையில வச்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர். அவ எதுக்கு நிக்கான்னு நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா? பயிற்சி உங்களுக்குத்தான, எனக்கு யாரு தந்தா?"

பதிவேட்டில் அந்த மூன்று நாளும் என் பெயருக்கு நேரே ஓ.டி. என்று எழுதியிருக்கிறது, பணியில் இருந்தேன் என்று அதற்கு அர்த்தமாம்.