வாசலைத் தாண்டாத செங்கோடன்

ஜெர்மனிக்குப் படிக்கப் போன செங்கோடன் காலேஜ் பக்கமே போவதில்லையாம். 1978இல் அம்மாபேட்டையிலிருந்து ஜெர்மனிக்கு வந்த நண்பர், ராசிபுரத்தில் கேட்டதாகச் சொன்னார். வகுப்பு நேரத்தில் மகன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்க செங்கோடனின் அப்பா ஊரிலிருந்து டிரங்க் கால் போடப் போகிறாராம். நான் செங்கோடனோடு ஒரே வீட்டில் குடியிருந்தேன். பேச்சு பாதி உண்மை.

செங்கோடன் கிளம்பும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா ஜன்னலிலிருந்து அன்பாக, "எங்கே போகிறாய்?" என்பார். சகுனத்தடை! திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார். அந்தம்மா மறுபடியும் கேட்பார். மூன்றாவது டம்ளருக்குள் பஸ் போய்விடும்.

"ஜெர்மனியில ஏதுங்க சகுனம்?" என்று கேட்டேன்.

"கெளம்பறது நானுங்களே!"

பரீட்சையையும் விட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் எதுவும் கேட்க வேண்டாமென்று அந்தம்மாவிடம் கெஞ்சி வைத்தேன். பரீட்சையன்று அவர் வாயே திறக்கவில்லை. செங்கோடன் வாசலில் கால் வைத்தார். உள்ளே போன் அடித்தது.

"பொறத்தாலிருந்து கூப்புட்டாலும் தடைதானுங்க" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். "அப்பனாத்தான் இருக்கும். நான் காலேஜ் போயிட்டேன்னு சொல்லுங்க."

"பொய் சொல்ல மாட்டேன். நீங்க வாசலைத் தாண்டுங்க, எடுக்கறேன்."

"எப்படிங்க தாண்டறது? அது இன்னும் கூப்புட்டுட்டே இருக்குதுங்களே!"

அவர் தண்ணீரைக் குடித்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.