பின் சீட்டில் ஏறிய நாள்

நகரிப் பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி அடிக்கடி கூட்டம் நடந்த காலம் அது. என் வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் பின் சீட்டில் அவருடைய சிநேகிதர் முனுசாமிதான் உட்காருவார். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் என்னை ஏற்றியதில்லை. முனுசாமியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பின்சக்கர டியூப் வெடித்துவிட்டது. வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி, புது டியூபை உள்ளே வைத்தார். டயரை ஒரு பக்கம் நெம்பினால் மறுபக்கம் வெளியே வந்தது.

"இங்க வாமே, இத்த கால்ல மிதிச்சிக்கினு நில்லு. டியூப் நசுங்கினா கிழிஞ்சிடும்" என்றார்.

புடவையைச் செருகிக்கொண்டு மிதித்தேன். டயர் உள்ளே இறங்கியது. காற்றடித்துச் சக்கரத்தை மாட்டி முடித்தபோது முனுசாமி வந்தார்.

"கெளம்பலாமாடா?"

"நீ பஸ்ல போய்க்கினு இரு. காத்து நிக்குதா பாக்கணும், இவள ஏத்திக்கினு வரேன்."

ஏறி உட்கார்ந்து, ஜெயித்த நினைப்பில் திரும்பிப் பார்த்தேன். முனுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்; இத்தனை நாள் அதே இடத்தில் நின்று, அவர்கள் போவதை நான் பார்த்த அதே பார்வை. சந்தோஷம் பாதியாகிவிட்டது.

மறுநாள் முனுசாமி வந்தபோது, முதல்முறையாக, நானே காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.