தளபதிகளுக்கு விசில் அடித்த ஊர்

பீடிப் புகையும் வேர்வையும் பஞ்சுத் தூசியும் கலந்த ஒரு வாடை, ஷிப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் ஓடிவரும் மில்காரர்களோடு உள்ளே நுழைந்து, விக்கிரமசிங்கபுரத்து டாக்கீஸில் படம் முடியும்வரை கலையாமல் கிடக்கும். அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்துதான், சின்ன வயதில், வடக்கே பனிமலையில் நடந்த பழைய சண்டையைப் பற்றிய ஒரு டப்பிங் படம் பார்த்தேன். அந்தச் சண்டைக்கே போய், பனியில் விரல்களைப் பறிகொடுத்துத் திரும்பியவர் என் அத்தையின் கணவர் சண்முகம் மாமா. ஊரில் அவருக்குப் 'பட்டாளத்தார்' என்று பெயர். அதனால் டாக்கீஸ் முதலாளி படம் தொடங்குமுன் அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தி மாலை போட்டார்.

அந்தப் படத்தின் தளபதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பனிப்புயலிலும் கசங்காத உடுப்பு, கலையாத முடி. வரைபடத்தில் விரலை வைத்து, "ஓர் அடிகூடப் பின்வாங்காதீர்கள்" என்று அவர் முழங்க, கொட்டகை விசிலில் அதிர்ந்தது. எதிரித் தளபதியோ கோழிக்காலைக் கடித்தபடி காரணமில்லாமல் கெக்கலித்துக்கொண்டிருந்தான்.

மாமா எழுந்துவிட்டார்.

"ஏலே, என்னத்துக்கு விசில் அடிக்கிய? எங்க பெரிய ஆபீசரு மலைமேல ஏறவே இல்ல. கீழ இருந்து உத்தரவு வந்துச்சு, கம்பளி வரல. எதிரி இம்புட்டு மடையன்னா எங்கூட இருந்தவனுவ ஏன் செத்தானுவ?"

"உக்காரும் வே, படம் மறைக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பயந்தாங்கொள்ளி!" என்றது இன்னொன்று. முதலாளி ஓடிவந்து, "அண்ணாச்சி, பைய வெளிய வாங்க" என்று கையைப் பிடித்தார். அத்தை எழுந்து, மாமாவின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி முதலாளியிடம் திணித்தாள்.

"இத அந்தப் படத்துல வாற ஆளுக்கே போடும்."

வீட்டுக்கு நடக்கும்போது மாமா ஒன்றே ஒன்று சொன்னார்: "படத்துல மொதல்ல, சாகக் கிடந்தவனுக்குத் தண்ணி குடுக்கையில ஒரு சின்ன ஆபீசர் அழுதான் பாரு, அந்த எடம் மட்டும் நெசம்." அங்கே யாரும் விசில் அடிக்கவில்லை என்பது எனக்கும் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து ஊர் அவரைப் 'பட்டாளத்தார்' என்று அழைக்கவில்லை. டீக்கடையில் அவர் தலையைக் கண்டால் யாராவது விசில் அடிப்பார்கள். சில நாளில் அவர் அங்கே போவதை நிறுத்தினார்; பிறகு சாகும்வரை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

டாக்கீஸ் இன்று கல்யாண மண்டபம். போன மாதம் திருநெல்வேலியில் மகளோடு ஒரு புதிய போர்ப்படம் பார்த்தேன். தளபதி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "இது பொய்" என்று சொல்ல, போருக்குப் போய்வந்தவர் ஒருவரும் இப்போது எங்கள் தெருவில் இல்லை. தளபதிகள் மட்டும் வருஷம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்கள்.